பதினோரு இல்லைகள்

டாக்டரம்மா வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. பேச்சுப் பயிற்சி டீச்சர் தன் கைப்பட எழுதிக் கொடுத்த தாள் அது. மொத்தம் நான்கு விதிகள். ஒன்று, குழந்தை பேசும்போது முகத்தைப் பார்க்கவும். இரண்டு, சொல் திக்கினால் எடுத்துக் கொடுக்க வேண்டாம். மூன்று, அவசரம் காட்ட வேண்டாம். நான்காவதன் கீழே மட்டும் இரட்டைக் கோடு போட்டிருந்தது: தினமும் ஆறரை முதல் ஏழு வரை, கையில் வேறு வேலை இல்லாமல், அம்மா.

அப்பா என்று எழுதாமல் அம்மா என்று எழுதியதற்குக் காரணம் இருந்தது. எட்டு வயது மகளுக்கு அப்பாவிடம் பேசும்போது திக்கல் குறைவு, அம்மாவிடம் அதிகம். "க" வந்தால் நிற்கும், "ப" வந்தால் நிற்கும், தன் பெயரைச் சொல்லும்போதே ஒருமுறை நின்றுதான் வரும். "ம்" என்பதும் "இல்ல" என்பதும்தான் தங்குதடையில்லாமல் வந்து விழும்.

"திக்கறது பெரிய விஷயமில்லம்மா," என்றார் டீச்சர். "திக்கும்னு பயந்து பேச்சையே குறைச்சுக்கிற பிள்ளைங்க உண்டு. அப்படிப் போயிட்டா திரும்பக் கூட்டிட்டு வர்றது ரொம்பக் கஷ்டம். உங்ககிட்ட சொல்லணும்னா வேகமா சொல்லணும்னு அவ மனசுல எப்படியோ விழுந்திருக்கு. அதைத்தான் நாம எடுக்கணும்."

எப்படி விழுந்தது என்று டாக்டரம்மாவுக்குத் தெரியும். மகள் எப்போது வாயெடுத்தாலும் அம்மாவின் மடியில் லேப்டாப் திறந்திருக்கும். "சொல்லு சொல்லு, கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்று விரல் ஓடிக்கொண்டே இருக்கும். குழந்தை "ப... ப..." என்று நின்றால், கண்ணை எடுக்காமலே "பென்சிலா? பஸ்ஸா?" என்று அம்மா எடுத்துக் கொடுப்பார். பாதி நேரம் அது வேறு எதுவோவாக இருக்கும். திருத்தச் சோம்பல்பட்டுக் குழந்தை "ம்" என்றுவிடும்.

ஆஸ்பத்திரியில் காகிதக் கேஸ் ஷீட் போய்க் கணினிப் பதிவு வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. ஆளுக்குப் பன்னிரண்டு நிமிடம், நாளைக்கு முப்பத்தைந்து பேர். பன்னிரண்டு நிமிடத்தில் நோயாளியைப் பார்த்துவிடலாம். பார்த்ததைப் பதிந்து முடிக்க முடியாது. ஏனென்றால் உள்ளதை எழுதினால் மட்டும் சிஸ்டத்துக்குப் போதாது. இல்லாததையும் இல்லை என்று ஒவ்வொன்றாக எழுத வேண்டும். முழங்கால் வலி என்று வந்தவருக்கும் இருமல் இல்லை, வாந்தி இல்லை என்று பதிந்தாக வேண்டும். ஒன்றை விட்டாலும் கட்டம் சிவப்பாகும். கையெழுத்துப் போட விடாது. ஆகவே தினமும் பதினைந்து இருபது பேருடைய பதிவு அரைகுறையாக வீட்டுக்கு வந்துவிடும்.

"நம்ம பொண்ணு உன் பேஷண்டா பொறந்திருக்கலாம்," என்பார் கணவர். அச்சகத்தில் அவருக்கு ராத்திரி ஷிப்ட். ஏழு மணிக்குக் கிளம்பிவிடுவார். "பன்னிரண்டு நிமிஷமாவது நிச்சயமா கிடைச்சிருக்கும்."

"குத்திக் காட்டாதீங்க."

"குத்திக் காட்டலை. அப்பாயிண்ட்மெண்ட் கேக்கறேன்."

டாக்டரம்மாவின் அறையில் இருபது வருடமாக வேலை பார்க்கும் சிஸ்டருக்கும் இதே பல்லவிதான். "இந்தச் சிஸ்டம் வந்தப்புறம் பேஷண்ட் எல்லாம் உங்க தலை வகிட்டைத்தான் தரிசனம் பண்ணிட்டுப் போறாங்க, டாக்டரம்மா. நாளைக்கு நீங்க தெருவுல எதிர்ல வந்தா ஒருத்தருக்கும் அடையாளம் தெரியாது."

அப்படி அடையாளம் கண்டுகொள்ளக்கூடியவர்கள் என்று யாராவது இருந்தால், அது பூட்டுக்காரரும் அவர் மனைவியும்தான். பூட்டுக்காரருக்கு அறுபத்தெட்டு வயது. பேருந்து நிறுத்தத்துக்குப் பின்னால் ஒரு பெட்டிக் கடையில் பூட்டு பழுது பார்த்து, சாவி வெட்டிக் கொடுப்பவர். சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உண்டு. கண் மங்கல். ஆனால் சாவியின் பல்லை விரலால் தடவியே எந்தப் பூட்டுடையது என்று சொல்லிவிடுவார். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை இருவரும் சேர்ந்தே வருவார்கள். கேள்வியை அவரிடம் கேட்டால் பதில் அந்தம்மாவிடமிருந்து வரும்.

ஒருமுறை அந்தம்மா மாத்திரை அட்டைகளை எடுத்து மேசையில் பரப்பினார். சர்க்கரை மாத்திரை அட்டைகளில் எல்லாம் ஒரு மூலை கத்தரிக்கோலால் வெட்டப்பட்டிருந்தது.

"இது எதுக்கும்மா?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ரெண்டு அட்டையும் ஒரே அளவு, ஒரே பளபளப்பு. இவருக்குக் கண்ணுதான் தெரியாது, விரலுக்கு எல்லாம் தெரியும். மூலை வெட்டினது சர்க்கரை, காலையில மட்டும். வெட்டாதது பிரஷர், ரெண்டு வேளை. நான் வெட்டித் தந்தாதான் இந்த வண்டி ஓடும்."

"என்னையே ஒரு பூட்டாக்கிட்டா," என்றார் பூட்டுக்காரர்.

அன்று டாக்டரம்மா எந்தக் கட்டமும் கேட்காத ஒரு வாக்கியத்தைக் குறிப்புப் பகுதியில் தானாகவே தட்டினார்: "மாத்திரை அட்டையின் மூலையை வெட்டி அடையாளம் வைத்து, மருந்துகளை மனைவி கொடுத்துவருகிறார்." மூன்று வருடத்தில் அவர் மனமுவந்து எழுதிய வாக்கியம் அது ஒன்றாகத்தான் இருக்கும்.

டீச்சரின் தாள் வீட்டுக்கு வந்த வாரத்தில் டாக்டரம்மா கணினிப் பிரிவுக்காரரைத் தேடிப் போனார். எந்தக் கோளாறு என்று சொன்னாலும் "பாஸ்வேர்டு மாத்தினீங்களா மேடம்?" என்று ஆரம்பிப்பதால் அவருக்குப் பாஸ்வேர்டு என்றே பெயராகிவிட்டது. நல்ல மனிதர். இருவரும் இரண்டு மதிய இடைவேளையைச் செலவழித்து ஒரு குறுக்கு வழி கண்டுபிடித்தார்கள். "இஇ" என்று இரண்டு எழுத்தைத் தட்டி இடைவெளிக் கட்டையை அமுக்கினால் போதும். திரையில் தானாக ஓடும்:

காய்ச்சல் இல்லை. இருமல் இல்லை. மூச்சுத் திணறல் இல்லை. நெஞ்சு வலி இல்லை. படபடப்பு இல்லை. தலைச்சுற்றல் இல்லை. மயக்கம் இல்லை. வாந்தி இல்லை. வயிற்று வலி இல்லை. கால் வீக்கம் இல்லை. தூக்கக் குறைவு இல்லை.

பதினோரு இல்லை. அதற்குக் கீழே, பழைய வருகையின் குறிப்பை அப்படியே இழுத்து வந்து ஒட்டும். ஏதாவது மாறியிருந்தால் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கு மூன்று நிமிடம் மிச்சம்.

"டாக்டரம்மாவோட ரெண்டு இனா" என்று சிஸ்டர் அதற்குப் பெயர் வைத்தார்.

அதன் பிறகு ஆறு வாரம் நன்றாக இருந்தது. ஐந்தரைக்குக் கடைசிக் கையெழுத்து, ஆறேகாலுக்கு வீடு, ஆறரைக்கு மகளுக்கு எதிரே தரையில் சம்மணம். லேப்டாப் பைக்குள்ளேயே கிடந்தது. முதல் சில நாட்கள் குழந்தை நம்பாமல் பையையே பார்த்தாள். பிறகு ஒருநாள், வகுப்பில் டஸ்டர் பெட்டிக்குள் பல்லி இருந்ததையும், கணக்கு சார் அதைத் தெரியாமல் கையில் எடுத்ததையும், மேசைமேல் ஏறி நின்றதையும் சொல்லத் தொடங்கினாள். "பல்லி" வருவதற்கே நெடுநேரம் ஆனது. டாக்டரம்மா நாக்கைக் கடித்துக்கொண்டு காத்திருந்தார். கதை முடிய மொத்தம் பதினோரு நிமிடம். முடிந்ததும் குழந்தை, "நான் மு... முழுசா சொல்லிட்டேன்" என்றாள். கணவர் சட்டையை மாட்டிக்கொண்டே வாசலில் நின்று முழுவதையும் கேட்டுவிட்டு, அன்று வேலைக்குத் தாமதமாகப் போனார்.

நல்ல விஷயம் காதோடு காதாக இருந்திருந்தால் தேவலை. ஆஸ்பத்திரி சூப்பிரண்டு வரைக்கும் போனது. மருத்துவர்கள் வேலைப்பளுவால் சோர்ந்துபோகிறார்கள், இரண்டு பேர் வேலையை விட்டே போய்விட்டார்கள் என்று ஆஸ்பத்திரியில் ஏற்கெனவே "சுமை குறைப்புக் குழு" என்று ஒன்று வைத்திருந்தார்கள். அந்தக் குழு டாக்டரம்மாவைக் கூப்பிட்டுச் செய்துகாட்டச் சொன்னது. எல்லோரும் கைதட்டினார்கள். பாராட்டுச் சான்றிதழ் கொடுத்தார்கள். அடுத்த வாரமே "இஇ" ஆஸ்பத்திரியிலுள்ள பதினேழு மருத்துவர்களின் கணினிக்கும் ஏற்றப்பட்டது.

அதற்கடுத்த மாதம் ஒரு சுற்றறிக்கை வந்தது. பதிவு நேரம் ஆளுக்கு மூன்று நிமிடம் குறைந்திருப்பதால், இனி ஆளுக்கு ஒன்பது நிமிடம். முப்பத்தைந்து நாற்பத்தாறு ஆனது. பதிவு வேலை சுலபமாகிவிட்டதால் இரண்டு அறைக்கு ஒரு சிஸ்டர் போதும் என்று அதே தாளில் கடைசி வரி சொன்னது.

"சுமையைக் குறைச்சாங்க, சரி," என்றார் சிஸ்டர் பக்கத்து அறைக்குக் கிளம்பியபடி. "யாரோடதுன்னுதான் சொல்லலை."

ஆறேகால் ஏழேகால் ஆனது. கணவர் கிளம்புகிற அவசரத்தில் குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட ஆரம்பித்தார். அவர்கள் வீட்டில் டிவி உண்டு. யாரும் யாரிடமும் பேச வேண்டியதில்லை. "இப்ப அப்பாயிண்ட்மெண்ட் ஒன்பது நிமிஷமா ஆயிடுச்சாமே" என்று அவர் ஒரே ஒருமுறை சொன்னார். டாக்டரம்மா சிரிக்கவில்லை.

இந்த நாற்பத்தாறு பேர் காலத்தில்தான் பூட்டுக்காரர் தனியாக வந்தார்.

டாக்டரம்மாவின் கண் திரையில் இருந்தது. ரத்த அழுத்தம் எவ்வளவு என்று பார்த்துப் பதிந்துகொண்டே கேட்டார்: "வீட்டம்மா வரலையா?"

"இல்லம்மா," என்றார் பூட்டுக்காரர்.

டாக்டரம்மா இஇ தட்டி, கட்டையை அமுக்கினார். பதினோரு இல்லை ஓடியது. கீழே பழைய வாக்கியமும் வந்து உட்கார்ந்தது. பூட்டுக்காரர் இன்னும் எழுந்திருக்கவில்லை. சட்டைப்பையைத் தடவிக்கொண்டு ஏதோ எதிர்பார்ப்பவர்போல் இருந்தார். அதற்குள் அடுத்த எண் அழைப்பு மணி அடித்துவிட்டது.

இரண்டு மாதம் கழித்து மறுபடி வந்தார். "இன்னைக்கும் தனியாவா?" "ஆமாம்மா, இனிமே தனிதானே." இஇ. அதற்கும் இரண்டு மாதம் கழித்து மூன்றாவது தடவை. இளைத்திருந்தார். சர்க்கரை அளவு வழக்கத்தைவிடக் குறைந்திருந்தது. "சர்க்கரை நல்லா குறைஞ்சிருக்கே. இப்படியே தொடருங்க அய்யா" என்று டாக்டரம்மா மனதாரப் பாராட்டினார். "சரிம்மா" என்றார் பூட்டுக்காரர். இஇ.

மூன்று வாரம் போனது. ஒரு காலைப் பொழுதில் அவசர சிகிச்சைப் பிரிவிலிருந்து போன் வந்தது. அங்கே இருந்த இளம் டாக்டர் பேசினார்.

"மேடம், உங்க பேஷண்ட் ஒருத்தர், பூட்டுக் கடைக்காரர். கடைக்குள்ள நினைவில்லாம கிடந்திருக்கார். சர்க்கரை அடியோட இறங்கியிருக்கு. எப்ப விழுந்தார்னே தெரியலை. மருந்து மனைவிதான் கொடுக்கறாங்கன்னு உங்க குறிப்புல இருக்கு. அவங்க நம்பர் கிடைக்குமா? என்ன கொடுத்தாங்கன்னு கேக்கணும்."

டாக்டரம்மா வரிசையை நிறுத்திவிட்டுக் கீழே போனார். பூட்டுக்காரரைத் தூக்கி வந்தவர் பக்கத்துக் கடையில் கடிகாரம் பழுது பார்ப்பவர்.

"அந்தம்மாவா?" என்றார் அவர். "அது போய் ஏழு மாசம் ஆச்சுங்களே. ராத்திரி படுத்தவங்க காலையில எழுந்திருக்கலை. டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்னு சொன்னாரே."

சொல்லியிருந்தார். இல்லம்மா என்று சொல்லியிருந்தார். வரவில்லை என்பதற்கும் அதே சொல், இந்த உலகத்திலேயே இல்லை என்பதற்கும் அதே சொல். சொல்லிவிட்டு, அடுத்து யாராவது ஒன்று கேட்பார்கள் என்று உட்கார்ந்தும் இருந்தார்.

கடிகாரக்காரர் ஒரு பிளாஸ்டிக் பையை நீட்டினார். கடையில் கிடந்த மாத்திரை அட்டைகள். டாக்டரம்மா ஒவ்வொன்றாக எடுத்துத் தடவிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் நான்கு மூலையும் இருந்தன. ராத்திரி பிரஷர் மாத்திரை என்று நினைத்துப் பல நாள் சர்க்கரை மாத்திரையைப் போட்டிருக்கிறார். பிரஷர் அட்டை ஒன்று பிரிக்கப்படாமலே இருந்தது.

ஐந்தாம் நாள் பூட்டுக்காரர் கண் திறந்தார். ஆனால் கண்ணுக்குப் பின்னால் ஆள் இல்லை. மூளை நெடுநேரம் சர்க்கரை இல்லாமல் கிடந்துவிட்டது. யார் கூப்பிட்டாலும் திரும்புவதில்லை. வலது கை மட்டும் படுக்கை விரிப்பின் ஓரத்தைப் பிடித்து, மெதுவாக நகர்ந்து, மூலை வந்ததும் நிற்கும். பிறகு மறுபடி தொடங்கும்.

டாக்டரம்மா அந்த மூன்று பதிவுகளிலிருந்தும் அந்த வாக்கியத்தை எடுத்துவிட வேண்டும் என்று பாஸ்வேர்டிடம் போனார்.

"கையெழுத்துப் போட்டதை எடுக்க முடியாது மேடம். கீழே திருத்தம்னு ஒண்ணு சேர்க்கலாம். காரணம் கேக்கும். பட்டியல்லேர்ந்து ஒண்ணைத் தேர்ந்தெடுக்கணும்."

பட்டியலில் ஆறு காரணங்கள் இருந்தன. எழுத்துப் பிழை. தவறான நோயாளி. தவறான தேதி. பரிசோதனை முடிவு தாமதம். இரட்டைப் பதிவு. இதர. "கேட்கவில்லை" என்று ஒரு காரணம் அதில் இல்லை. அவர் "இதர" என்பதை அமுக்கினார்.

"அப்படின்னா என் கணினியிலேர்ந்து அந்த இஇ-யையாவது எடுத்துடுங்க."

"எடுத்துட்டு நாப்பத்தாறு பேரை எப்படிப் பார்ப்பீங்க மேடம்?" என்றார் பாஸ்வேர்டு. கேலியில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். ஆனாலும் எடுத்துக் கொடுத்தார்.

மூன்று நாள் டாக்டரம்மா ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்து, பதினொன்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார். யாராவது இல்லை என்றால், "இல்லைன்னா எப்படி இல்லை?" என்று ஒரு கேள்வி கூடப் போட்டார். முதல் நாள் பத்தாவது நோயாளிக்கே மணி பன்னிரண்டானது. வெளியே கதவைத் தட்டினார்கள். "உள்ள என்ன கதையா நடக்குது?" என்று ஒரு பெரியவர் சத்தம் போட்டார். நெஞ்சு வலியோடு வந்திருந்த ஒரு பெண் ஒன்றரை மணி நேரம் நின்றபடியே காத்திருந்தார் என்பது அவர் உள்ளே வந்த பிறகுதான் தெரிந்தது. மூன்று நாளும் டாக்டரம்மா வீட்டுக்குப் போனபோது மகள் பக்கத்து வீட்டு சோபாவிலேயே தூங்கிப் போயிருந்தாள்.

நான்காம் நாள் காலையில் அவரே பாஸ்வேர்டைக் கூப்பிட்டு இஇ-யைத் திரும்பப் போடச் சொன்னார். பாஸ்வேர்டு வந்து போட்டுக் கொடுத்தார்.

சுமை குறைப்புக் குழு கூடியது. யாரும் டாக்டரம்மாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று அவருக்குத் தோன்றியது.

"இது தனிமனிதத் தவறு கிடையாது, டாக்டர். சிஸ்டத்துல இருக்கிற ஓட்டை," என்றார் சூப்பிரண்டு. "அடைச்சுடலாம்."

"நேரத்தைப் பன்னிரண்டு நிமிஷமா திருப்பிக் கொடுத்தா போதும் சார்."

"அது நம்ம கையில இல்லையே," என்றார் சூப்பிரண்டு. அவருடைய மேசையிலும் அரைகுறைப் பதிவுகள் அறுபது எழுபது காத்திருந்தன. அவரும் காலையில் ஓபி பார்த்துவிட்டு வந்தவர்தான்.

அடைத்தார்கள். எல்லா நோயாளிக்கும் புதிதாக ஒரு கட்டம் வந்தது: துணைவர் உயிருடன் உள்ளாரா? ஆம், இல்லை. நிரப்பாவிட்டால் சிவப்பு. ஆறு வயதுப் பையன் காது வலி என்று வந்தாலும் அந்தக் கேள்விக்குப் பதில் வேண்டும். நேரம் விரயமாகக் கூடாது என்று "ஆம்" என்பதை முன்கூட்டியே சிஸ்டத்தில் நிரப்பி வைத்துவிட்டார்கள்.

பூட்டுக்காரரை யாருமற்றவர்களுக்கான விடுதி ஒன்றுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் படிவத்தை டாக்டரம்மாதான் முடித்துக் கொடுத்தார். குறிப்புப் பகுதிக்கு வந்ததும் சிஸ்டம் பழையதை இழுத்து வந்து காட்டியது. மருந்துகளை மனைவி கொடுத்துவருகிறார். அவர் எழுத்து எழுத்தாக அழித்தார். சிஸ்டர் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று எப்படியோ டாக்டரம்மா ஆறரைக்கே வீடு வந்துவிட்டார். முப்பத்திரண்டு பதிவுகள் முடிக்காமல் பையில் இருந்தன. கணவர் சட்டையை மாட்டிக்கொண்டிருந்தார். மகள் மேசையில் படம் வரைந்துகொண்டிருந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் தாள் இருந்தது. ஒரு மூலையில் பசை விட்டு மடங்கியிருந்தது.

டாக்டரம்மா எதிரே உட்கார்ந்தார்.

"ஸ்கூல்ல இன்னைக்கு ஏதாவது நடந்துச்சாடா கண்ணு?"

"இல்ல," என்றாள் மகள்.

"பல்லி ஏதாவது வந்துச்சா?"

"இல்ல."

"கணக்கு சார் ஏதாவது சொன்னாரா?"

"இல்ல."

ஒவ்வொன்றும் தங்குதடையில்லாமல் வந்து விழுந்தது. கதவருகே நின்ற கணவர் செருப்பை மாட்டாமல் அப்படியே நின்றார்.

டாக்டரம்மா முகத்தைப் பார்த்தார். எடுத்துக் கொடுக்கவில்லை. அவசரம் காட்டவில்லை. கையில் வேறு வேலையும் இல்லை. நான்கு விதிகளையும் வழுவாமல் கடைப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுவர்க் கடிகாரத்தில் இரண்டு நிமிடம் போனது, ஐந்து நிமிடம் போனது. மகளின் உதடு ஒருமுறை குவிந்தது. "ப" வரப்போகிறதென்று டாக்டரம்மா நினைத்தார். உதடு பிரிந்துகொண்டது. குழந்தை கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், அம்மாவின் பையைத் திறந்து, லேப்டாப்பை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்து அவர் மடியில் வைத்தாள்.

"எழுதும்மா," என்றாள். திக்கவே இல்லை.